பால்சோற்றுச் சிறுத்தை

சேசு மரி சூசை துணை

ஆலங்குடி ரோடு, புதுக்கோட்டை
8-9-1952

பினாங்கில் இருக்கும் என் அன்புக் கணவர் சூசைராஜ் அவர்களுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமலிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இன்று மாதா பிறந்த திருநாள். பூசை கண்டுவிட்டு வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் சுகமாக இருக்கிறேன். இந்தத் தோட்டத்தில் வேறு எந்த உயிரும் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் அனுப்பிய சேலைக்கும் தைல பாட்டிலுக்கும் நன்றி.

மழை இன்னும் இல்லை. ஆலங்குடிப் பக்கம் கடலையெல்லாம் பிஞ்சிலேயே காய்ந்துவிட்டது என்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் கேப்பைக் கூழ்தான் குடிக்கிறார்கள். ஆனால் நம் சிறுத்தை ராசுவுக்கு மட்டும் காலையும் மாலையும் பச்சரிசி குழைய வடித்து, பசும்பால் ஊற்றிப் பிசைந்து வைக்கிறோம். சனிக்கிழமை என்றால் கற்கண்டும் உண்டு. வடிப்பது நான்தான். அண்டாவைக் கிளறுவதும் நான்தான்.

முதலாளி தோட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். ஜீவகாருண்யப் பூங்கா. வாசலில் சிமெண்டு வளைவு கட்டி, அதில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. வளைவுக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் தொங்குகிறது. பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம்தான். “இந்தச் சிறுத்தை என் பொறுப்பில் இருந்த நாளெல்லாம் மாமிசம் தொட்டதில்லை. பால்சோறும் பழமுமே இதன் ஆகாரம். இது சத்தியம்.” கீழே உங்கள் பெயர், சிறுத்தைக் காப்பாளர் என்று பட்டத்தோடு. தினமும் நாலைந்து தடவை அதைத் தாண்டிப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ராசு எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விலா எலும்பை இங்கிருந்தே எண்ணலாம். தோல் தொளதொளவென்று வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. முதுகில் முடி கொட்டித் திட்டுத் திட்டாகப் புண். பின்னங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. போன மாதத்திலிருந்து தன் வாலைத் தானே கடிக்க ஆரம்பித்திருக்கிறது. நுனியில் ஒரு சாண் இப்போது இல்லை. அந்த ரத்தத்தையும் நக்கிக்கொள்கிறது. அந்த ஒரு நேரத்தில்தான் அதன் கண்ணில் கொஞ்சம் உயிர் தெரிகிறது. 

எனக்கு அதன்மேல் பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதை என்றைக்குமே பிடித்ததில்லை. அதன் வாடை பிடிக்காது. கம்பிக்குள் கை விட்டுக் கழுவப்போனவளை அது பிறாண்டிய தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. நம் கோழியைக் கம்பி வழியாக இழுத்துத் தின்றதையும் நான் மறக்கவில்லை. ஆனால் பிடிக்காத ஒன்றைப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று எந்தச் சாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்?

ஜமீன் பங்களாவில் இருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். துரைமார் விருந்துக்கு வந்தால் உயிருள்ள ஆட்டுக்குட்டியைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சோறு தின்னவில்லை. ஜமீன் ஒழிந்தது, கூண்டோடு எல்லாவற்றையும் ஏலம் போட்டார்கள். முதலாளி ஆத்மநாதன் வந்து, “கசாப்புக்காரன் கையிலயும் சர்க்கஸ்காரன் கையிலயும் இந்த வாயில்லா சீவனெல்லாம் மாட்டக்கூடாது” என்று கண் கலங்கச் சொல்லி எல்லாவற்றையும் வாங்கினார். அன்றைக்கு நானும்தான் கலங்கினேன். அங்கே ரத்தத்தைக் காட்டி வேடிக்கை, இங்கே பாலைக் காட்டி வேடிக்கை. விருந்தாளிகளுக்கு நாற்காலி போடுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

வருகிற கூட்டத்தைச் சொன்னால் உங்களுக்கும் சோறு இறங்காது. திருக்கோகர்ணத்திலிருந்தும் குடுமியான்மலையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ‘சைவப்புலி’ என்றுதான் பெயர். கம்பியில் குங்குமம் அப்புகிறார்கள். அது எழுந்து நிற்காவிட்டால் குடைக்கம்பியால் குத்தி எழுப்பி, எழுந்ததும் கும்பிடுகிறார்கள். குத்தின கையும் அதுதான், கும்பிடுகிற கையும் அதுதான். அது நக்கிவிட்டு மிச்சம் வைக்கிற பால்சோற்றை, அதன் எச்சிலும் சீழும் கலந்ததை, பிள்ளையில்லாத பெண்கள் இலையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் ஒருத்தி எனக்கும் ஒரு உருண்டை நீட்டினாள். “ஒனக்கும் வயிறு தொறக்கல போலருக்கே ஆத்தா, வாங்கிச் சாப்புடு” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் மான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். போன வருடம் புரட்டாசிச் சனிக்கிழமை. முதலாளிக்குத் தெரியாமல் நான் முருங்கைக்கீரைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்த ஆட்டுக்குடலையும் ஈரலையும் மத்தியானம் முழுக்கத் தின்றுவிட்டு, வயிறு முட்டப் படுத்திருந்தது ராசு. சாயங்காலம் முதலாளி விருந்தாளிகளோடு வந்தார். குரங்குக்கு வைத்திருந்த பால்சோற்றைச் சும்மா கம்பிக்குள் நகர்த்தினார். அது போய் நக்கியது. பூனை பாலை நக்காமல் இருக்குமா? முதலாளி கைகூப்பி, “பூர்வ சென்மத்துல இது சன்னியாசிடா சூசை” என்று கண்ணீர் விட்டார். அப்போது நீங்கள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஆமாங்க, கறி வச்சா மோந்துகூடப் பாக்காதுங்க” என்று சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை நான் மறைக்கவில்லை.

அந்த ஒரு பேச்சுக்குத்தான் முதலாளியின் பினாங்குக் கடையில் உங்களுக்கு வேலை கிடைத்தது. புறப்படும்போது நான் கேட்டேன், இனி கறிக்கு என்ன வழி என்று. “கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சா பழகிரும் மேரி. மனுசனே பழகிக்கிறான்” என்றீர்கள். சித்திரை வரைக்கும் கீரைக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டேன். சித்திரையில் மதில் எழும்பியது. வாசலில் ஆள் உட்கார்ந்து கூடையைச் சோதிக்கிறான். கூண்டுச் சாவி மலையாண்டியிடம். அவன் அரிசி மில்லில் காவல் இருந்தவன், நல்லவன், அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் எழுதியிருப்பதை வேதவாக்காக நம்புகிறவன். நான் பயந்து நிறுத்திவிட்டேன். ஐந்து மாதமாகிறது. அது பழகவில்லை.

வெள்ளிக்கிழமை நாமும் கறி தின்பதில்லை. அது நாமாக ஆண்டவருக்காக விட்டது, சனிக்கிழமை தின்னலாம். முதலாளி புரட்டாசி விரதம் இருக்கிறார், அவர் வீட்டு அம்மாள் கிருத்திகை இருக்கிறார். எழுந்து போய்ச் சாப்பிட முடிகிறவன் சாப்பிடாமல் இருந்தால் அது விரதம். கம்பிக்குள் கிடப்பதற்குப் பெயர் வேறு.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஆவுடையப்பன் முதலாளியின் பசுவைப் பார்க்க வந்தவர், ராசுவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இது பூனை வம்சம், கறி இல்லாமல் கண் அவிந்து, எலும்பு உளுத்துச் செத்துப்போகும் என்றார். வெளிதேசங்களில் கம்பியே இல்லாமல், அகழி வெட்டி, மரமும் பாறையுமாக விட்டுவைக்கிறார்களாம். நம் நாட்டிலும் ஒருநாள் அப்படி வரும் என்றார். அகழி எப்போது வருமோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு அதன் சாப்பாடு அதற்குக் கிடைத்தால் போதும். மதராஸ் மிருகக்காட்சி சாலைக்கு அவரே எழுதிக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதம். முதலாளிதான் சம்மதிக்கவில்லை. “கூடவே கெடந்தவன் சத்தியம் பண்ணி எழுதியிருக்கான் டாக்டரய்யா. நீங்க புஸ்தகத்துல பாத்தீங்க, அவன் கண்ணால பாத்தவன்” என்று உங்கள் காகிதத்தைக் காட்டிவிட்டார்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. நான் எழுதிக் கொடுத்தது பொய், அது தினமும் கறி தின்றது, என் மனைவிதான் கொண்டுவந்தாள். இவ்வளவுதான். என் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். முதலாளிக்குக் கோபம் வரும், வேலை போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல மனசைக் கொடுக்கட்டும்.

தங்கள் மனைவி,
அடைக்கலமேரி


சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை
13-10-1952

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் பதில் வந்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் மின்சார பஸ் ஓடுவதைப் பற்றி ஒரு பக்கம், கடையின் சரக்குக் கிட்டங்கியில் உங்களைத் தலைமை ஆளாக்கப் போவதைப் பற்றி ஒரு பக்கம், என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில், ஒரு மிருகத்துக்காகக் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்கிறவன் உலகத்தில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் போகட்டும், வேலை நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறீர்கள். கூட ஒரு பட்டுக் கைக்குட்டை. அதை வைத்து நான் எதைத் துடைத்துக்கொள்வது?

நீங்கள் எழுதவில்லை என்றதும் நானே முதலாளியிடம் போனேன். பூசை அறைக்கு வெளியே நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கீரைக்கட்டு, குடல், ஈரல், எந்தக் கறிக்கடை, எல்லாம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “புருசன் கண்காணாத தேசத்துல இருக்கான், ஒனக்கு மனசு சரியில்லம்மா. அவன் உத்தமன். ஒம் பேச்சைக் கேட்டு அவன்மேல நான் பழி போடுவேனா?” என்று சொல்லி, அவர் வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன். இந்த மனுசர் பஞ்சத்தில் இருநூறு பேருக்குத் தினமும் கஞ்சி ஊற்றுகிறார். எறும்புப் புற்றைப் பார்த்தால் சுற்றிப் போகிறார். கெட்டவன் கையில் ராசு சிக்கியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். நல்லவர் கையில் சிக்கிக்கொண்டதே, அதுதான் வினை.

டாக்டரும் மறுபடி வந்து மன்றாடினார். ஒரே ஒரு தடவை ஒரு துண்டு கறியை முன்னால் வைத்துப் பார்ப்போம், தின்னாவிட்டால் நான் இந்தப் பக்கமே வரவில்லை என்றார். முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். “சன்னியாசி முன்னால கள்ளுப் பானைய வச்சு, குடிக்கிறாரா பாப்போம்பீங்களா? பாவமில்லையா?” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். 

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று முன்தினம் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. விழா. பஜனை கோஷ்டி, ஒலிபெருக்கி, தேங்காய்க்கடை, ராட்டினம். அறந்தாங்கியிலிருந்துகூட வந்திருந்தார்கள். வாசலில் சோதிக்கிறவனால் அந்தக் கூட்டத்தில் யார் கூடையைச் சோதிக்க முடியும்? நான் காலையிலேயே போய் ஒரு முழு ஆட்டுத்தொடை வாங்கிக்கொண்டு, அரிசிக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். பதினொரு மணிக்கு முதலாளி தம் கையால் பால்சோறு வைக்கப் போகிறார், கூட்டம் அலைமோதுகிறது. நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறவள்தானே, கம்பி ஓரம் வரைக்கும் ஒருவரும் தடுக்கவில்லை. தொடையை எடுத்தேன், கம்பிக்குள் எறிந்தேன். “பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! இது புலிங்க!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

 ராசு எழுந்தது. குடைக்கம்பி இல்லாமல் தானாக எழுந்து எத்தனையோ நாளாயிற்று. மோந்தது. காது இரண்டும் முன்னால் வந்தன. உடம்பெல்லாம் நடுங்கியது. வாயைத் திறந்து கவ்வியது. எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்ல மாட்டேன், சந்தோஷம் என்று மட்டும் சொல்கிறேன். கவ்வின அந்த நொடியே ஒரு சத்தம் போட்டது. பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி ஒரு சத்தம். கறியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி கவ்வியது, மறுபடி கத்திக்கொண்டு விட்டுவிட்டது. எலும்பில் ஒரு பல் சிக்கிப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. பிறகு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது.

வாயெல்லாம் புண்ணாம், ஈறு முழுக்க அழுகிவிட்டதாம். டாக்டர் அப்புறம் சொன்னார். ஈரலை மசித்து, குழம்பாக்கி, கரண்டியால் ஊட்டியிருக்க வேண்டும் என்றார். ஆறு மாதம் பட்டினி கிடந்த வாய்க்கு எலும்போடு தொடையைத் தூக்கிப் போட்டேன், கூட்டத்துக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. அதன் வாயை நான் நினைக்கவில்லை. கூட்டத்தின் கண்ணைத்தான் நினைத்தேன். இங்கே வருகிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் கூட்டத்துக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? “தொடல! கறியத் தொடல!” என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். “கோவிந்தா” என்று ஊரே கூவியது. தேங்காய் உடைத்தார்கள். கீழே கிடந்த பல்லுக்கு நாலு பேர் அடித்துக்கொண்டார்கள். முதலாளி அழுதுகொண்டே என் தலையில் கை வைத்து, “ஒன்ன மன்னிச்சிட்டேம்மா. ஒன்னாலதான் இன்னைக்கு லோகத்துக்கே தெரிஞ்சுச்சு” என்றார். நான் பிறந்ததிலிருந்து இப்படிக் கேவலப்பட்டதில்லை. என்னை அடித்து விரட்டியிருந்தால் பரவாயில்லை. கும்பிட்டார்கள். தண்ணீர் தெளித்துக் கூண்டைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இப்போது நான் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் எடுபடாது. கண்ணால் பார்த்துவிட்டார்கள் அல்லவா? உங்கள் எழுத்து ஒன்றுதான் மிச்சம். உங்கள் கையெழுத்தால் கட்டினதை உங்கள் கையெழுத்தால்தான் அவிழ்க்க முடியும். அடைமழை பிடிப்பதற்குள் மதராசுக்குப் போய்விட்டால், சூப்பு வைத்துக் கொடுத்து, மருந்து போட்டுத் தேற்றிவிடலாம் என்று டாக்டர் நம்புகிறார். மழை பிடித்தால் அந்த ஈரத்தில் தாங்காது என்கிறார்.

தலைமை ஆள் வேலை எனக்கு வேண்டாம். பட்டும் வேண்டாம். ஒரு தபால் செலவு. உங்கள் கால்களைத் தொட்டுக் கேட்கிறேன். இதற்குமேல் இறங்கிக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

அடைக்கலமேரி


சேசு மரி சூசை துணை

ஆவூர்
24-11-1952

சூசைராஜ் அவர்களுக்கு,

முகவரியைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பூங்காவை விட்டு வந்துவிட்டேன். ஆவூரில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கடலை உடைக்கப் போகிறேன். கை காய்த்துவிட்டது, மனசுக்கு நன்றாக இருக்கிறது.

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்று இரண்டு வாரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ராசு அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை காலையில் செத்துப்போனது. ஐந்து நாளாக விடாத மழை. கூண்டுக்குள் தண்ணீர் தேங்காமல் நானும் மலையாண்டியும் மாற்றி மாற்றி வாரி இறைத்தோம். சாக்குப் போட்டு மூடினோம். கடைசி இரண்டு நாள் பாலையும் நக்கவில்லை. ஜமீன் பங்களாவிலிருந்து கொண்டுவந்தபோது அதை வண்டியில் ஏற்ற நாலு ஆள் மூச்சுப் பிடித்தார்கள், நீங்களும் ஒருவர். அன்றைக்கு மலையாண்டி ஒருத்தனே ஒரு கையால் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தூக்கின பிறகுதான் அவனுக்கு உறைத்தது. என்னைப் பார்த்து, “அக்கா, நீங்க சொன்னதெல்லாம் நெசமா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். சாவியைக் கூண்டுக் கொக்கியிலேயே மாட்டிவிட்டு, மழையில் நடந்து போய்விட்டான். அதற்கப்புறம் அவன் வேலைக்கு வரவே இல்லை.

டாக்டர் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். முதலாளி விடவில்லை. சந்தனம் பூசி, பட்டுச் சுற்றி, உட்கார வைத்துப் புதைத்தார்கள். சமாதி எழும்புகிறது. விளக்கு எரிகிறது. உங்கள் காகிதத்தைச் சட்டத்தோடு அங்கே கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். பட்டினியில் செத்த ஒன்றுக்கு முன்னால் ‘சத்தியம்’ என்று எழுதித் தொங்குகிறது. நான் அதைக் கல்லால் அடித்து உடைக்கலாம் என்று ஒரு நாள் போனேன். உடைத்தால் வேறு கண்ணாடி போடுவார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே மூட்டை கட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியே இருக்கமாட்டேன். முடியவில்லை. போன வியாழக்கிழமை டாக்டர் ஆவூருக்கே சைக்கிளில் வந்து சொன்னார். முதலாளி ஒரு சிறுத்தைக்குட்டி வாங்கிவிட்டார். மலைப்பக்கத்திலிருந்து யாரோ கூடையில் கொண்டுவந்து கொடுத்தார்களாம். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ராசுவே மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது என்கிறார்களாம். சங்கில் பால் புகட்டுகிறார்கள், அது சப்புக்கொட்டிக் குடிக்கிறது, ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. குட்டிதானே, எந்தக் குட்டிதான் பால் குடிக்காது? இன்னும் ஒரு மாதத்தில் அது கறி கேட்கும் என்று டாக்டர் சொல்கிறார். கேட்டால் தரமாட்டார்கள். ராசுவாவது நம் புண்ணியத்தில் சில வருடம் தின்றது. இதற்கு அதுவும் கிடையாது.

அதற்குக் காப்பாளராக உங்களைத் திரும்ப அழைத்து முதலாளி பினாங்குக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். வளைவுக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு கட்டித் தருகிறாராம். இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

பத்து மாதமாக நான் ஒவ்வொரு பூசையிலும் கேட்டது ஒன்றுதான், நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று. அது இப்படியா கேட்கப்பட வேண்டும்? தந்தியைப் பற்றி டாக்டர் சொன்னபோது முதலில் என் மனசு குதித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நொடி, அந்த வீட்டில் நான் அண்டா வைத்துப் பால்சோறு கிளறுவதும், கூண்டுக்கு முன்னால் நீங்கள் கைகட்டி நிற்பதும் கண்ணில் வந்தன. எனக்கு உங்களைத் தொடவே பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கட்டின புருசனை நினைத்து ஒருத்திக்கு இப்படித் தோன்றுவதைவிடக் கேவலம் வேறு உண்டா?

ராசு விஷயத்தில் நீங்கள் செய்தது பயத்தினால் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நானும் பயந்தவள்தான். சித்திரையில் பயந்து கையை இழுத்துக்கொண்டவள். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் தெரிந்தே இரண்டாவது தடவை செய்தால் அதற்குப் பயம் என்று பெயர் சொல்ல முடியாது.

ஆகாயத் தபாலில் உங்கள் கடிதம் முதலாளிக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும். குட்டிக்குக் கறி தேவைப்பட ஒரு மாதம் இருக்கிறது. நேரம் இருக்கிறது. எழுதுங்கள். டாக்டரும் மதராசுக்கு மறுபடி எழுதி வைத்திருக்கிறார். எழுதினால் அங்கே வேலை போகும், இங்கேயும் ஒருவரும் வேலை தரமாட்டார்கள். போகட்டும். இரண்டு பேர் கடலை உடைத்தால் இரண்டு பேர் கூழ் குடிக்கலாம்.

மோட்சத்துச் சம்மனசுகள் உங்களைக் காக்கட்டும், உங்கள் கையையும் காக்கட்டும். உண்மையை எழுதிப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வாருங்கள். எத்தனை நாள் ஆனாலும் நாகப்பட்டினம் துறைமுகத்தில் வந்து நிற்கிறேன். எழுதாமல் வருவதாக இருந்தால், எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

அடைக்கலமேரி